நீ அழாமல் இருந்த வாரம்

மகளே,

இதை நீ வாசிக்கும் வயதுக்குள் உன்னிடம் யாராவது ஒரு கதை சொல்லியிருப்பார்கள். நீ பிறந்து கொஞ்ச நாளில் உனக்கு மூச்சு முட்டியது, நாகர்கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஆண்டவர் கிருபையால் பிழைத்தாய் என்று. உன் அப்பா அப்படித்தான் சொல்வார். உன் அத்தை அதோடு யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றும் சேர்த்துக்கொள்வார். இரண்டு பேரும் பொய் சொல்பவர்கள் இல்லை. நடந்ததில் பாதியை மடித்து உள்ளே வைத்துவிட்டு மீதியைச் சொல்பவர்கள். மடித்து வைத்த அந்தப் பாதிதான் உனக்கு ஒரு நாள் தேவைப்படும். அதனால் எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டப் போவதுமில்லை. பிள்ளை பெற்ற, பெறப் போகிற வேறு பெண்களும் வாசிக்கட்டும் என்று பெயர்களை மட்டும் விட்டுவிட்டுத் திறந்தே வைக்கிறேன்.

உன் அத்தை நேற்று இங்கிலாந்துக்குக் கிளம்பினார். வாடகைக் கார் வாசலில் நிற்கிறது, பெட்டிகள் ஏறிவிட்டன, டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அத்தை என் கையைப் பிடித்து அடுக்களைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "மக்கா, நடந்தது நடந்து போச்சு. இனி இந்தக் காரியத்த ஒருத்தருட்டயும் மிண்டப்பிடாது, கேட்டியா? பொம்பளப் பிள்ளையாக்கும். நாளைக்கி ஒருத்தன் பொண்ணு கேட்டு வரும்போ, இந்தப் பிள்ளைக்க ரத்தத்துல என்னமோ கோளாறு உண்டும்னு எவளாவது ஊதி விட்டா, பின்ன நாம எங்க போவோம்?" என்றார். நான் தலையாட்டினேன். ஊருக்குப் போகிறவரை நல்லபடியாக அனுப்ப வேண்டும் என்பதற்காக ஆட்டிய தலை அது. கார் தெருவைத் தாண்டியதும் அந்தத் தலையாட்டலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

நான் சந்தேகப்படுகிறவள் என்று இந்த வீட்டில் ஒரு பெயர் உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில், பொரித்த மீனைப் பிட்டு முகர்ந்து பார்த்ததை உன் அப்பா இன்றும் சொல்லிச் சிரிப்பார். எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள், பதினொன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். ஒரு நிறம் மாறினால், ஒரு மணம் மாறினால் ஏன் என்று கேட்கச் சொல்லிக்கொடுத்துத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். நீ பிறந்தபின் அந்தப் பழக்கம் பத்து மடங்கானது. உன்னைத் தொட வருகிறவர்களின் கையைப் பார்த்தேன். நகத்தைப் பார்த்தேன். பார்க்க வந்த உறவுக்காரப் பெண் உனக்குப் போட்ட கறுப்பு வளையலின் சாயம் ஒட்டுகிறதா என்று ஈரத்துணியில் தேய்த்துப் பார்த்து, அது அவர் கண்ணில் பட்டு, அவர் காப்பி குடிக்காமலே போனார். இத்தனை சந்தேகம் இருந்தும் எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே நான் பார்க்கவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் அம்மா உயிரோடு இல்லாததால் நான் பிரசவத்துக்குப் பிறந்த வீடு போகவில்லை. மயிலாடியில் உன் அப்பாவின் வீட்டிலேயே இருந்தேன். அப்பாவுக்கு மஸ்கட்டில் வேலை. லீவு கிடைக்கவில்லை, தினமும் வீடியோவில்தான் உன்னைப் பார்த்தார். அதனால் அவருடைய அக்கா, உன் அத்தை, இங்கிலாந்தில் தான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் லீவு சொல்லிவிட்டு எனக்குப் பேறுகாலம் பார்க்க வந்தார். நான் அவரை மைனி என்று கூப்பிடுவேன். நல்ல உயரம், உரத்த குரல், முட்டுவலி. உட்கார்ந்து எழும்போதெல்லாம் "ஸ்தோத்திரம்" என்று ஒரு முனகல். அங்கே வெள்ளைக்காரக் கிழவிகளைக் குளிப்பாட்டிப் பழகிய கையால் என்னைக் குளிப்பாட்டினார். சிசேரியன் தையல் நனையாமல் தண்ணீர் ஊற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நான் அவரை எவ்வளவு நம்பினேனோ அவ்வளவு அவரைப் பார்த்துப் பயந்தேன். உன்னைக் கையில் எடுத்தால் திருப்பித் தர அவருக்கு மனசே வராது.

ஆஸ்பத்திரியில் வலிக்குத் தந்த மாத்திரை எனக்கு நெஞ்சைக் கரித்தது. அதை அத்தையிடம் சொன்னேன். "அந்தச் சவத்த எடுத்துத் தூரப் போடு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் டம்ளரோடு வந்து என் உள்ளங்கையில் இரண்டு வெள்ளை மாத்திரைகளை வைத்தார்.

"இது என்ன மைனி?"

"வலி மாத்திரையாக்கும். பாரசிட்டமால்தான். அங்கத்தது. நான் முட்டுக்கு மூணு போட்டாலும் எனக்கு ஒண்ணும் செய்யாது, சுண்ணாம்புக் கட்டி மாதிரி வயித்துல கெடக்கும். ஒனக்கு ஒண்ணு போராது. ரெண்டா முழுங்கு."

முழுங்கினேன். பேறுகாலத்தில் படுத்திருப்பவளுக்கு எல்லாமே இன்னொருவர் கையிலிருந்துதான் வரும். கஞ்சி வரும், பூண்டு வரும், வெந்நீர் வரும். மாத்திரையும் அப்படியே வந்தது. வெளிநாட்டில் ஆள் இருக்கிற நம் பக்கத்து வீடுகளில் பெட்டி திறக்கிற அன்று சோப்பு, சென்ட், தைலம், சாக்லேட்டோடு மாத்திரையும் பங்கு வைக்கப்படும். முட்டுவலிக்காரருக்கு ஒரு துண்டு, தலைவலிக்காரருக்கு ஒரு துண்டு என்று அட்டையைக் கத்தரியால் வெட்டிக் கொடுப்பார்கள். அட்டைப்பெட்டியும் அதற்குள் மடித்து வைத்திருக்கும் தாளும் லக்கேஜில் எடை கூடும் என்று அங்கேயே குப்பையில் போயிருக்கும். மருந்து மட்டும் கடல் தாண்டி வரும். அது என்ன மருந்து, யார் சாப்பிடக் கூடாது என்று சொல்லும் காகிதம் வராது. நானும் சின்ன வயதிலிருந்து அப்படி வந்த மாத்திரைகளை விழுங்கி வளர்ந்தவள்தான். அதனால் அந்த இரண்டு வெள்ளை மாத்திரைகள் மீது எனக்குச் சந்தேகம் வரவில்லை.

வலி போனது. போனது மட்டுமல்ல, ஒரு நல்ல மிதப்பு வந்தது. ஜன்னலுக்கு வெளியே தென்னை ஓலை ஆடுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கு நுனி அரித்தது. வாய் உலர்ந்தது. வெளிக்குப் போகவே முடியவில்லை. "பெத்த ஒடம்பு அப்படித்தான் இரிக்கும்" என்றார் அத்தை. சரி என்று விட்டேன்.

இனி உன்னைப் பற்றி. பிறந்த முதல் நாட்களில் நீ ஊரைக் கூட்டும் பிள்ளை. நம் வீட்டுக்கு இந்தப் பக்கம் கல் பட்டறை. சிலைக்கு முகம் செதுக்குவது உளிச் சத்தம், அது பரவாயில்லை. அதற்கு முன்னால் கல்லை அறுக்க அந்த வட்ட மிஷினைப் போடுவார்கள் பார், பல்லெல்லாம் கூசும். அது ஓட ஆரம்பித்தால் நீ இரண்டு கையையும் விரித்து, விரல்களை விறைத்து, ஒரு நொடி மூச்சடக்கி, பிறகு வீறிடுவாய். நான் பட்டறைக்கு ஆள் அனுப்பி, பிள்ளை உறங்குகிற நேரத்தில் அறுக்காதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். "அம்மன் சிலைக்கு ஆர்டர் நிக்கி. பிள்ளய அந்தப் பக்கத்து முறியில கொண்டு போடச் சொல்லுங்கோ" என்று அறையை மாற்றச் சொல்லித்தான் பதில் வந்தது.

நான் அந்த மாத்திரையைத் தொடங்கிச் சில நாட்களில் நீ அடங்கிவிட்டாய். முதலில் எனக்கும் நிம்மதிதான். வந்து பார்த்தவர்கள் எல்லாம் நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்றார்கள். உன் அப்பா வீடியோவில், "ஏட்டி, நம்ம பாப்பா எப்பவுமே உறக்கமா? புண்ணியம் செஞ்சவ நீ. இங்க என் கூட்டாளிக்க வீட்டுல பிள்ளை போடுத சத்தத்துல அவன் டியூட்டிக்குப் போய்த்தான் ஒறங்குகான்" என்றார். அத்தை, "ஆண்டவர் தந்த பிள்ளையாக்கும், அம்மைக்கி ஒடம்பு சரியில்லன்னு அதுக்குத் தெரியும்" என்றார். நான் உன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் குடிக்க வாயில் வைத்தால் நாலு தடவை சப்பிவிட்டு நிறுத்திவிடுவாய். பாதத்தைச் சுண்டினால் இன்னும் நாலு. கழுத்து துணி மாதிரி துவண்டது. நல்ல பிள்ளை என்று எல்லாரும் சொல்லச் சொல்ல நான் உன் பாதத்தை இன்னும் சுண்டினேன். பசிக்காத பச்சைப்பிள்ளை எப்படி நல்ல பிள்ளை ஆகும்?

அப்போது என் சந்தேகம் எழுந்தது. எழுந்து நேராக அத்தையிடம் போனது. அவர் குளிப்பாட்டி முடித்ததும் வசம்பைச் சுட்டு, கல்லில் இழைத்து, விரல் நுனியில் தொட்டு உன் நாக்கில் வைப்பார். வயிற்றுப் பொருமலுக்காம். நான் வேண்டாம் என்று சொல்லியும், நான் கண் அயர்ந்த நேரம் பார்த்து வைப்பார். அழுகிற பிள்ளையை அடக்க அந்தக் காலத்தில் அபினைத் தடவி உறங்க வைப்பார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். அது தலைக்குள் சுற்ற ஆரம்பித்தது. அத்தை குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய பெட்டியைத் திறந்து துழாவினேன். பவுடர், வேத புத்தகம், முட்டுக்குப் போடும் உறை, ஒரு மிட்டாய் டப்பா. டப்பாவுக்குள் மாத்திரை அட்டைத் துண்டுகள் கிடந்தன. அது வலி மாத்திரைதானே என்று மூடி வைத்துவிட்டு, வசம்பையும் அதை இழைக்கிற கல்லையும் எடுத்துக் கிணற்றடிக்குப் பின்னால் வீசினேன். சந்தேகம் சரிதான் மகளே. அது போய் நின்ற வாசல்தான் தவறு. கையில் கிடைத்த காரணத்தை மூடி வைத்துவிட்டு, சம்பந்தமில்லாததை வீசியிருக்கிறேன்.

அத்தை வந்து கல்லைத் தேடினார். நான் வீசிவிட்டேன் என்றேன்.

"என்னட்டி, ஒனக்கு வட்டா, பைத்தியமா? நீ பிறந்தப்போ ஒன் அம்மையும் இத வச்சுத்தான் வளத்திருப்பா."

"என் பிள்ளைக்கு நீங்க என்ன குடுக்கியோ மைனி? உறங்கிட்டே கெடக்கு பாருங்க."

"பிள்ள ஒறங்குனா சந்தோசப்படணும். ஒறங்கலன்னாலும் வெப்ராளம், ஒறங்குனாலும் வெப்ராளம். படிச்ச பிள்ளையளுக்கு நிம்மதியே கெடையாது."

அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்து உன்னை என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன், அவர் தொடவே விடவில்லை. அத்தை என் முகத்தைப் பார்க்காமல் சோறும் மாத்திரையும் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவார். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு முன்னைவிட அதிகமாக, எழுப்பி எழுப்பிப் பால் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் நீ இன்னும் ஆழமாக உறங்கினாய்.

ஒரு காலையில் பட்டறையில் பெரிய கல் வந்து இறங்கியது. மிஷினைப் போட்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் உன்னைப் பார்த்தேன். நீ அசையவில்லை. விரல் விரியவில்லை, இமை துடிக்கவில்லை. தூசி பறக்க அந்தச் சத்தம் வீட்டையே ரெண்டாகப் பிளக்கிறது, நீ மெழுகுப் பிள்ளை போலக் கிடக்கிறாய். உன் நெஞ்சில் கை வைத்தேன். ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வருவதற்குள் நான் மனசுக்குள் ஒரு முழு ஜெபம் சொல்லி முடித்திருப்பேன். உதட்டோரம் சாம்பல் நிறம். நான் போட்ட அலறல் மிஷின் சத்தத்தில் அத்தைக்குக் கேட்கவில்லை. பட்டறைக்காரர்தான் ஜன்னல் வழியே என் வாயைப் பார்த்து மிஷினை நிறுத்தினார். அவரே கல் ஏற்றி வந்த வண்டியை வழியை விட்டு நகர்த்தச் சொல்லிவிட்டு, தெருமுனையில் நின்ற ஆட்டோவைக் கூட்டி வந்தார். நான் செருப்பில்லாமல் ஏறினேன். அத்தையும் கைப்பையோடு ஏறினார். வேண்டாம், நீங்கள் வராதீர்கள் என்று சொன்னேன். "போடி" என்று ஒரே சொல். சுசீந்திரம் தாண்டும் வரை உன் பாதத்தை அவர் சுண்டிக்கொண்டே வந்தார். சுண்டியபோதெல்லாம் நீ ஒரு மூச்சு விட்டாய்.

பிள்ளைகள் டாக்டர் ஒரு சின்ன உருவப் பெண். உன் இமையை விலக்கி டார்ச் அடித்தார். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கி இருந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாயை வைக்கச் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க?"

"பால் மட்டுந்தான் டாக்டர்" என்றார் அத்தை.

"வசம்பு குடுத்தாங்க. வேற என்ன குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. இவங்களையே கேளுங்க" என்றேன் நான். நாலு பேர் நிற்கிற இடத்தில் விரலை நீட்டிச் சொன்னேன்.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி... என் தம்பிக்க பிள்ளைக்கி நான் விஷமா குடுப்பேன்?"

"சண்டைய வெளிய வச்சுக்கிடுங்க" என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்தார். என் கண்ணையும் பார்த்தார், கொஞ்சம் குனிந்து, உன் கண்ணைப் பார்த்த மாதிரியே. "நீங்க என்ன மாத்திரை சாப்பிடுதீங்க?"

"பாரசிட்டமால்."

அத்தை கைப்பையைத் திறந்தார். அவர் அதை ஒளித்திருக்கலாம். பையில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் அத்தனை பேர் முன்னால் அவரைக் குற்றவாளியாக்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அவர் அந்த அட்டைத் துண்டை எடுத்து டாக்டர் கையில் வைத்தார். "இதாக்கும். எங்க வீட்டுக்காரருக்கு முதுகுல ஆப்பரேஷன் செஞ்சப்போ அங்க எழுதிக் கொடுத்தது. மிச்சம் கெடந்துது. அங்க எல்லாரும் மிட்டாய் மாதிரி திங்காவ." டாக்டர் அட்டையைத் திருப்பினார். நானும் எட்டிப் பார்த்தேன். பாரசிட்டமால் என்று இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு பெயரும் இருந்தது. கோடீன்.

மகளே, அந்தப் பெயரை நான் கல்லூரியில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலில் இருப்பவை மார்ஃபினும் கோடீனும். இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். மார்ஃபினில் ஓரிடத்தில் ஒரு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இருக்கும். அந்த ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அங்கே ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சின்னக் கட்டு ஒன்றை ஒட்டினால் அது கோடீன். அந்தக் கட்டு இருக்கும்வரை கோடீன் பெரிய ஆள் இல்லை. வலியை அது நேராக ஒன்றும் பெரிதாகச் செய்யாது. விழுங்கியபின் ஈரலில் ஒரு நொதி அந்தக் கட்டைக் கழற்றும். கழன்றது மார்ஃபின். அதாவது கோடீன் சாப்பிடுகிறவர் தன் உடம்புக்குள்ளேயே மார்ஃபின் காய்ச்சிக்கொள்கிறார். இதை நான் வரைந்தேன், எழுதினேன், மறந்தேன். என் ஈரலுக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று நினைத்ததே இல்லை.

எவ்வளவு காய்ச்சுவோம் என்பதுதான் விஷயம். அது ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலோருக்குச் சிறு பங்கு மட்டும் மாறும். வலி கொஞ்சம் தணியும், அவ்வளவுதான். சிலருக்கு அந்த நொதி வேலையே செய்யாது. எத்தனை போட்டாலும் சுண்ணாம்புக் கட்டிதான். உன் அத்தை அந்த வகையாக இருக்கலாம். தன் உடம்பை வைத்து அளந்துதான் எனக்கு இரண்டு தந்தார். இன்னும் சிலருக்கு அந்த நொதியை உண்டாக்கும் மரபணு ஒன்றுக்கு மேல் கூடுதலாக இருக்கும். அவர்கள் ஈரல் கோடீனைப் பார்த்ததும் மளமளவென்று மார்ஃபினாக்கித் தள்ளிவிடும். நான் அந்த வகையாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன், கவனி. டாக்டரும் அப்படித்தான் சொன்னார். ரத்தத்தில் பார்த்து உறுதி செய்யும் வசதி அங்கே இல்லை.

அந்த மார்ஃபின் பாலில் வந்தது. இரத்தத்தைவிடத் தாய்ப்பால் கொஞ்சம் அமிலப் பக்கம் சாய்ந்தது, மார்ஃபின் காரம். பாலுக்குள் வந்த காரம் திரும்பிப் போக முடியாமல் அங்கே தங்கும். குடித்த உனக்கோ அதை உடைத்து வெளியேற்ற ஈரல் இன்னும் பழகவில்லை. ஒரு வேளை குடித்தது போவதற்குள் அடுத்த வேளை வரும். அது மூளையில் மூச்சைக் கவனிக்கும் இடத்தில் போய், அவசரமில்லை, அடுத்த மூச்சுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அத்தையை அண்டவிடாமல், உன்னைக் காவல் காத்துக்கொண்டு, எழுப்பி எழுப்பி நான் கொடுத்தது அதைத்தான்.

டாக்டர் ஊசி போட்டார். நலாக்சோன் என்று பெயர். அதற்கும் ஏறக்குறைய அதே எலும்புக்கூடு, நைட்ரஜன் இருக்குமிடத்தில் பெரிய வித்தியாசம். பஸ்ஸில் ஒருவன் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இன்னொருவன் வந்து அவனை நெருக்கித் தள்ளிவிட்டு, உட்காராமல் துண்டை மட்டும் போட்டு வைத்தால் எப்படியோ அப்படி. மார்ஃபினைக் கிளப்பிவிடும், தான் ஒன்றும் செய்யாது. ஊசி ஏறியது. நானும் அத்தையும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். உன் புருவம் நெரிந்தது. கால் மடங்கி நீண்டது. பிறகு அழுதாய். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அழுகை. பக்கத்து அறையில் இன்னொரு பிள்ளை பயந்துபோய் உன்னோடு சேர்ந்து அழுதது. அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், முட்டுவலியோடு. அவரைத் தூக்கிவிட இரண்டு நர்ஸ்கள் வேண்டியிருந்தது.

எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. "இது எவ்வளவு நேரம் நிக்கும் டாக்டர்?" என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். "சரியான கேள்வி. மருந்து சீக்கிரம் போயிரும், மார்ஃபின் போகாது. திரும்ப உறங்குனா திரும்பப் போடணும்" என்றார். திரும்பவும் உறங்கினாய். திரும்பவும் போட்டார்கள். என் மார்பில் கட்டிய பாலைப் பிழிந்து பிழிந்து வாஷ்பேசினில் ஊற்றினேன். உனக்குப் புட்டிப்பால். என் உடம்பிலிருந்து எல்லாம் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும், மறுபடி உனக்குப் பால் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. என்னையே சந்தேகப்பட வேண்டியிருந்தது. அது பிறரைச் சந்தேகப்படுவது போலச் சுலபமில்லை. கடைசியில் அத்தைதான் உன்னைத் தூக்கி என் மடியில் வைத்து, "கொடுட்டி. நான் பக்கத்துல இருந்து எண்ணுகேன்" என்றார். நீ குடித்து முடிக்கும்வரை உன் மூச்சை வாய்விட்டு எண்ணினார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நீ கேட்பாய். கேட்டேன். "நானும் ஒங்கிட்டக் கேக்கணும்" என்றார். இருவரும் அதற்கு மேல் போகவில்லை.

வீட்டுக்கு வந்தபின் என் அப்பாவுக்கு, உன் தாத்தாவுக்கு, போன் செய்தேன். சின்ன வயதில் எனக்கு ஒரு தடவை இருமல் மருந்து கொடுத்து, நான் தோவாளைப் பூச்சந்தையிலிருந்து வீடு வரும்வரை பஸ்ஸில் கண்ணே திறக்கவில்லை என்று அவர் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் கதை ஒன்று உண்டு. கல்யாண வீடுகளில் சொல்வார். "ஒரு ஸ்பூனுதான் குடுத்தேன். பூமூட்டைக்க மேல கெடத்துனேன், பூமூட்டையோட எறக்குனேன், பிள்ளைக்கி ஒண்ணும் தெரியாது!" எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்த இருமல் மருந்து என்ன என்று இப்போது கேட்டேன். அவருக்கு ஞாபகமில்லை. இருமல் மருந்துகள் சிலவற்றிலும் கோடீன் இருக்கும் என்று சொன்னேன். "அப்போ அது சிரிப்புக் காரியம் இல்லியா மக்கா?" என்று கேட்டார். இனி அந்தக் கதையை அவர் சொல்ல மாட்டார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொல்லப்படுகிற உடம்புக் கதைகளை நீ ஒரு தடவை சிரிக்காமல் கேட்டுப் பார்.

இப்போது உன்னிடம் வருகிறேன். உன் உடம்பில் பாதி என்னுடையது, பாதி உன் அப்பாவுடையது. அவர் வழியில் அத்தையின் சுண்ணாம்புக் கட்டி உனக்கு வந்திருக்கலாம். என் வழியில் மளமளவென்று காய்ச்சும் அடுப்பு வந்திருக்கலாம். இரண்டுமில்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. மரபணுவைப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது; எடுத்துவிடுவோம் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். "எடுத்து என்ன செய்யப் போற? பேப்பர்ல எழுதிட்டா அது அழியாம நிக்கும். பிள்ள பிழைச்சிட்டுல்லா, விடு" என்றார். அத்தையின் கல்யாணப் பயம் அவருக்கும் தொற்றியிருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பெண் பிள்ளையைப் பற்றி ஒரு சொல் வெளியே போனால் அது எத்தனை வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் தொண்டைச் சதை எடுக்கும் ஒரு நாள் வரும், கடைவாய்ப் பல் பிடுங்கும் ஒரு நாள் வரும், உனக்கு ஒரு பிரசவம் வரும். அன்று உன் பக்கத்தில் நிற்பவருக்கு இது தெரியாவிட்டால்? உன்னைக் கட்டப் போகிறவன் இதைக் கேட்டுவிட்டு ஓடினால் ஓடட்டும். தெரியாமல் உன் கட்டிலருகே உட்கார்ந்து, நல்லா உறங்குகிறாள் என்று சந்தோஷப்படுகிறவன் எனக்கு வேண்டாம். பரிசோதனையை நான் எடுப்பேன். முதலில் எனக்கு. பிறகு, நீ சம்மதம் சொல்லும் வயதில் உனக்கு. அதுவரை எந்த டாக்டரிடம் உன்னைக் காட்டினாலும் வாயைத் திறந்ததும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். ஒரு டாக்டர் சலித்துக்கொண்டார். சலிக்கட்டும்.

சந்தேகப்படுகிறவளை யாருக்கும் பிடிக்காது. உனக்கும் அந்தப் பெயர் வரும், உன்னோடு சாப்பிட உட்காருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அன்பானவர்களிடம் கேள்வி கேட்பது அவர்களைக் கேவலப்படுத்துவது என்று உனக்கு நாலு பேர் சொல்லித் தருவார்கள். உன் அத்தைக்கு உன் மேல் இருந்த அன்பில் எனக்கு இன்று ஒரு துளி சந்தேகமும் இல்லை. ஆனால் மாத்திரைக்குள் அந்த அன்பு கலந்திருக்கவில்லை. அதில் பாரசிட்டமாலும் கோடீனும் மட்டுமே இருந்தன. தருகிறவரை நம்பு. தரப்பட்டதைத் திருப்பிப் பார். அதன் பெயர் என்ன, கூட இன்னொரு பெயர் இருக்கிறதா, யாருக்காக எழுதப்பட்டது, அதோடு வந்த தாள் எங்கே என்று கேள். ஒரே பெயரைச் சொல்லி நிறுத்தினால் மறுபடி கேள். சிரித்தால் சிரிக்கட்டும், அழுதால் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி கேள். பதில் வரும்வரை முழுங்காதே.

அதை உன் கையில் வைப்பது நானாக இருந்தாலும்.

அம்மா